பெட்டியில் வந்த புல்லட்

இந்தியச் சுங்க வரி அட்டவணையில் 87-ஆவது அத்தியாயம் முழுக்க முழுக்க வண்டிகளுக்கானது. டிராக்டர், பஸ், கார், லாரி, பைக், சைக்கிள், சக்கர நாற்காலி, கைக்குழந்தையைத் தள்ளிக்கொண்டு போகும் வண்டி என்று எல்லாவற்றுக்கும் அதில் ஒரு எண் இருக்கிறது. அந்த வரிசையில் 8703 10 என்று ஒரு எண். அது யாருக்குத் தெரியுமா? பனிமேல் ஓடுவதற்கென்றே செய்த வண்டிகளுக்கு! கோல்ஃப் மைதானத்தில் ஓடும் குட்டி வண்டியும் அதே எண்ணில்தான் வருகிறது.

வட சென்னைக்காரர்களுக்குத் தெரிந்த பனி, காசிமேட்டில் மீன் மேல் உடைத்துப் போடும் ஐஸ் மட்டும்தான். ஆனாலும் நாளைக்கே ஒருவர் கனடாவிலிருந்து ஒரு பனி ஸ்கூட்டரை வாங்கிச் சென்னைத் துறைமுகத்தில் இறக்கினால், கஸ்டம்ஸ் அதிகாரி தலையைச் சொறிய வேண்டியதில்லை. அதற்கு எண் தயார்.

எண் கிடைத்துவிட்டது. அடுத்தது ஒரு கேள்வி. வண்டி எந்த வகை என்பதைவிட முக்கியமான கேள்வி அது.

"முழுசா வந்திருக்கா, பிரிச்சு வந்திருக்கா?"

இந்த ஒரு கேள்வியால்தான் திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் சில தொழிற்சாலைகள் முளைத்தன. அந்தக் கேள்விக்குக் கிடைத்த பதில்களில் நமக்கெல்லாம் நன்றாகத் தெரிந்தது, எம்.கே.பி. நகரில் மூன்று தெரு தள்ளி வரும்போதே சத்தத்தை வைத்துக் கண்டுபிடித்துவிடக் கூடியது, புல்லட்.

முழு வண்டியும் பிரித்த வண்டியும்

முதலில் கொஞ்சம் காமர்ஸ் பாடம். பயப்பட வேண்டாம், சின்னதுதான்.

வெளிநாட்டில் முழுதாகச் செய்து, பெட்ரோல் ஊற்றினால் ஓடும் நிலையில் வரும் வண்டியை சி.பி.யூ. என்பார்கள். அதே வண்டியைச் சட்டம், இஞ்சின், கியர் பாக்ஸ், சக்கரம் என்று தனித்தனியாகப் பிரித்து மரப்பெட்டியில் அடைத்து அனுப்பினால் அது சி.கே.டி. இங்கே வந்தபிறகு பூட்டி வண்டியாக்கிக்கொள்ள வேண்டும். மேசை வாங்கினால் கால் தனியாக, பலகை தனியாக வருகிற மாதிரிதான்.

சுங்க அட்டவணையின் பொது விதிகளில் 2(அ) என்று ஒன்று உண்டு. பிரித்துக் கொண்டுவந்தாலும் அது முழுப் பொருளாகவே வகைப்படுத்தப்படும் என்கிறது அந்த விதி. அதாவது "இது பைக் இல்லை சார், வெறும் நட்டும் போல்ட்டும்" என்று சொல்லித் தப்பிக்க முடியாது. ஆனால் அரசாங்கமே தனி அறிவிப்பு போட்டு, பிரித்து வரும் வண்டிக்கு வரியைக் குறைத்து வைக்கலாம். இந்தியா அப்படித்தான் செய்கிறது.

2025 பட்ஜெட்டுக்குப் பிறகு, 1600 சிசி வரையுள்ள பைக் முழுதாக வந்தால் அடிப்படைச் சுங்க வரி 40 சதவீதம். இஞ்சின், கியர் பாக்ஸ் எல்லாம் கழற்றப்பட்டு சி.கே.டி.யாக வந்தால் 10 சதவீதம். ஒரு லட்ச ரூபாய் வண்டி என்று வைத்துக்கொண்டால் ஒன்றுக்கு ரூ.40,000, இன்னொன்றுக்கு ரூ.10,000. மற்ற வரிகள் தனி. நடுவிலே இருக்கும் 30,000 ரூபாய் எதற்கு? வண்டியைப் பூட்டும் வேலையை இந்த ஊர் ஆட்களுக்குக் கொடுத்ததற்காக அரசு விட்டுக்கொடுக்கும் பணம் என்று சொல்லலாம்.

திருவொற்றியூருக்கு இது புதுசு இல்லை

வரிச்சுவரைத் தாண்டிக் குதிக்கத் தொழிற்சாலை கட்டுவது புல்லட் கண்டுபிடித்த வித்தை அல்ல. திருவொற்றியூருக்கே அது பழைய கதை.

1922-ல் பிரிட்டிஷ் இந்திய அரசு வெளிநாட்டுத் தீப்பெட்டிக்கு வரியை உயர்த்தி, ஒரு குரோஸுக்கு (144 பெட்டி) ஒன்றரை ரூபாய் என்று வைத்தது. இந்தியாவுக்குத் தீப்பெட்டி விற்றுக்கொண்டிருந்த ஸ்வீடன் கம்பெனி யோசித்தது. வெளியே நின்று வரி கட்டுவதைவிட உள்ளே வந்து குச்சி கிழிக்கலாமே! 1923-ல் வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனி பிறந்தது. சுருக்கமாக விம்கோ. அதன் மெட்ராஸ் தொழிற்சாலை இருந்த இடம்தான் திருவொற்றியூர். 2021 பிப்ரவரியில் திறந்த மெட்ரோ பாதையில் "விம்கோ நகர்" என்ற ஸ்டேஷன் பெயரைப் பார்க்கிறோமே, அது ஒரு சுங்க வரி விட்டுச்சென்ற பெயர்.

வண்டிகளிலும் அப்படித்தான். ஜெனரல் மோட்டார்ஸ் 1928-ல் பம்பாயில் பிரித்த கார்களைப் பூட்டத் தொடங்கியது. ஃபோர்டு 1930-களின் தொடக்கத்தில் மெட்ராஸ், பம்பாய், கல்கத்தா மூன்று ஊர்களிலும் பூட்டியது. ஆனால் அவர்கள் செய்தது பூட்டும் வேலை மட்டுமே. இஞ்சினும் கியரும் எப்போதும் கப்பலில்தான் வந்தன. இருபது வருஷம் ஆகியும் அதே நிலைதான்.

சுதந்திரத்துக்குப் பிறகு டெல்லி இதைக் கவனித்தது. 1949-ல் முழுதாகக் கட்டிய கார்களின் இறக்குமதியை நிறுத்தியது. 1953-ல் வரி ஆணையம் இன்னொரு படி மேலே போனது. "இங்கேயே பாகங்களைச் செய்யும் திட்டம் இருக்கிறவர்கள் இருக்கலாம். வெறுமனே பூட்டுகிறவர்கள் மூன்று வருஷத்தில் கடையைக் கட்டலாம்" என்பது அதன் பரிந்துரையின் சாரம். ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் கிளம்பிவிட்டன.

அதே நேரத்தில் எண்ணூரில் ஒரு கம்பெனி எதிர்த் திசையில் நடந்துகொண்டிருந்தது. 1948 செப்டம்பரில் ரகுநந்தன் சரண் என்பவர் ஆரம்பித்த அசோக் மோட்டார்ஸ். மகன் பெயர் அசோக், அதையே கம்பெனிக்கு வைத்தார். இங்கிலாந்தின் ஆஸ்டின் ஏ-40 காரைப் பூட்டுவதில் தொடங்கி, லேலண்ட் கம்பெனியோடு சேர்ந்து 1955-ல் அசோக் லேலண்ட் ஆனது. காரை விட்டுவிட்டு லாரி, பஸ் பக்கம் போனது. அதன் பிறகு நடந்தது ஊருக்கே தெரியும்.

புல்லட் வந்த காலத்தின் சூழ்நிலை இதுதான். கதவு முழுசாக மூடவில்லை. ஆனால் உள்ளே வருகிறவர் தங்கியாக வேண்டும், வேலை கற்றுக்கொடுத்தாக வேண்டும்.

ரெட்டிச் என்ற ஊர்

இங்கிலாந்தில் பர்மிங்காமுக்குப் பக்கத்தில் ரெட்டிச் என்று ஒரு சின்ன ஊர். ஒரு காலத்தில் தையல் ஊசிக்குப் பேர்போனது. அங்கேதான் என்ஃபீல்டு சைக்கிள் கம்பெனி இருந்தது. துப்பாக்கித் தொழிற்சாலைக்குப் பாகங்கள் செய்துகொடுத்த தொடர்பால் "துப்பாக்கி போலச் செய்யப்பட்டது" என்பதையே விளம்பர வாசகமாக வைத்துக்கொண்டார்கள். 1901-ல் முதல் மோட்டார் சைக்கிள். 1932-ல் முதன்முதலாக "புல்லட்" என்ற பெயர். நமக்குத் தெரிந்த 350 சிசி புல்லட், பின்சக்கரத்துக்கு ஸ்பிரிங் வைத்த புது வடிவில், இரண்டாம் உலகப்போர் முடிந்த சில வருஷங்களில் வந்தது.

மெட்ராஸில் இந்த வண்டிகளை இறக்குமதி செய்து விற்றவர்கள் மெட்ராஸ் மோட்டார்ஸ் கம்பெனி. 1952-ல் அவர்களுக்கு ஒரு பெரிய ஆர்டர் வந்தது. கொடுத்தது இந்திய ராணுவம். கேட்டது 500 புல்லட்டுகள்.

யோசித்துப் பாருங்கள். புதிதாகப் பிறந்த நாடு. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் எல்லை. ஒரு பக்கம் ராஜஸ்தான் மணல், இன்னொரு பக்கம் காஷ்மீர் பனி. ஜீப் போகாத இடத்திலும் ஆள் போக வேண்டும். வண்டி கெட்டுப்போனால் பக்கத்தில் மெக்கானிக் கிடையாது, கையில் இருக்கும் ஸ்பேனரை வைத்தே சரிசெய்ய வேண்டும். இந்த வேலைக்குப் புல்லட்டைத் தேர்ந்தெடுத்தார்கள். 1953 தொடக்கத்தில் ரெட்டிச்சிலிருந்து வண்டிகள் வந்து சேர்ந்தன. ராணுவத்துக்குப் பிடித்துப் போனது.

ஒருமுறை வாங்கியாயிற்று. ஆனால் ஒவ்வொரு முறையும் இங்கிலாந்துக்கு பவுண்டு கட்டிக்கொண்டே இருக்க முடியுமா? இங்கேயே செய்தால் என்ன?

163 வண்டிகள்

1955-ல் ரெட்டிச் கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து "என்ஃபீல்டு இந்தியா" என்ற கம்பெனியைத் தொடங்கின. திருவொற்றியூரில் தொழிற்சாலைக் கட்டிடம் எழும்பியது. 1956-ல் வேலை ஆரம்பம். முதலில் எல்லாம் பெட்டியில் வந்த பாகங்கள்தான். அந்த வருஷ முடிவுக்குள் பூட்டி வெளியே விட்ட வண்டிகள் மொத்தம் 163.

அதாவது இரண்டு நாளைக்கு ஒரு வண்டிகூட இல்லை!

இன்றைக்குச் சிரிப்பு வரலாம். ஆனால் அன்றைக்கு ஒரு பெட்டி திருவொற்றியூர் வந்து சேர என்னென்ன நடக்க வேண்டும் என்று பார்த்தால் சிரிப்பு அடங்கிவிடும். 1947-ன் இறக்குமதி ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி லைசென்ஸ் வாங்க வேண்டும். பொருளுக்குக் கட்ட அந்நியச் செலாவணி ஒதுக்கீடு வேண்டும். கப்பல் வந்தபின் கிளியரிங் ஏஜென்ட் பில் ஆஃப் என்ட்ரி தாக்கல் செய்ய வேண்டும். 1878-ல் வெள்ளைக்காரன் போட்ட கடல் சுங்கச் சட்டம்தான் அப்போதும் நடைமுறையில் இருந்தது, 1962-ல்தான் புதுச் சட்டம் வந்தது. பெட்டியைப் பிரித்து, பட்டியலில் இருப்பதும் உள்ளே இருப்பதும் ஒன்றா என்று பார்க்க வேண்டும். வரி கட்ட வேண்டும். பிறகுதான் லாரி.

போதாக்குறைக்கு அதே 1956-ல் சூயஸ் கால்வாய்ப் பிரச்சினை. நவம்பர் முதல் அடுத்த ஏப்ரல் வரை கால்வாய் மூடிக் கிடந்தது. இங்கிலாந்திலிருந்து இந்தியா வரும் கப்பல்கள் ஆப்பிரிக்காவையே சுற்றிக்கொண்டு வந்தன. எங்கோ எகிப்தில் ஒரு வாய்க்கால் மூடினால், கடல் கடந்து வரும் பாகத்தை நம்பி இருக்கும் எல்லாத் தொழிற்சாலைக்கும் நெஞ்சு படபடக்கும். பெட்டியை நம்பி இருப்பதன் ஆபத்து அதுதான்.

பெட்டி இளைத்த கதை

அடுத்த அடி 1957-58-ல் விழுந்தது. இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்துக்கு இயந்திரங்களை வாங்கி வாங்கி, போர்க்காலத்தில் இங்கிலாந்தில் சேர்ந்திருந்த நம் பவுண்டு கையிருப்பு கரைந்துவிட்டது. அந்நியச் செலாவணி நெருக்கடி. இறக்குமதி லைசென்ஸ்களை அரசு கடுமையாக வெட்டியது.

பிரித்த வண்டியைப் பூட்டிக்கொண்டு மட்டும் இருந்திருந்தால் அப்போதே திருவொற்றியூர் கதை முடிந்திருக்கும். ஆனால் ஒப்பந்தம் வேறு மாதிரி இருந்தது. பாகங்களைச் செய்வதற்கான அச்சுகளையும் கருவிகளையும் ரெட்டிச் கம்பெனி இங்கே விற்றது. வண்டியை மட்டும் வாங்காமல், வண்டியைச் செய்யும் வண்டியையும் சேர்த்து வாங்கினார்கள் என்று சொல்லலாம். ஒவ்வொரு பாகமாக உள்ளூருக்கு மாறியது. பெட்டி வருஷத்துக்கு வருஷம் இளைத்தது. 1962-ல் எல்லாப் பாகங்களும் இந்தியாவிலேயே செய்யப்பட்டன.

இரும்பை வார்ப்பவர், கியருக்குப் பல் வெட்டுபவர், ரப்பர் செய்பவர், மின்சாமான் செய்பவர் எல்லாரும் பக்கத்திலேயே இருந்தால்தான் ஒரு மோட்டார் தொழில் நிற்கும். அதே சமயத்தில் மெட்ராஸைச் சுற்றி என்ன நடந்தது என்று பாருங்கள். திருவொற்றியூரில் 1946-ல் பலூன் செய்து பிழைப்பைத் தொடங்கிய எம்.ஆர்.எஃப்., 1961-ல் அதே ஊரில் டயர் செய்ய ஆரம்பித்தது. பாடியில் வீல்ஸ் இந்தியா, லூகாஸ் டி.வி.எஸ்., பிரேக்ஸ் இந்தியா என்று வரிசையாகக் கம்பெனிகள் வந்தன. எல்லாமே 1960-ஐ ஒட்டிய இரண்டு மூன்று வருஷங்களுக்குள். சக்கரம், மின்சாமான், பிரேக், டயர். வெளிநாட்டிலிருந்து வந்துகொண்டிருந்த பெட்டியில் இருந்தவற்றை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி எடுத்த மாதிரி இருக்கிறது இல்லையா?

"இந்தியாவின் டெட்ராய்ட்" என்று பிற்காலத்தில் சென்னைக்குப் பட்டம் கிடைத்தபோது ஹூண்டாயையும் ஃபோர்டையும் காட்டினார்கள். அவர்கள் 1990-களில் வந்தபோது லேத்தில் நிற்கத் தெரிந்தவர்களும் வார்க்கத் தெரிந்தவர்களும் இங்கே ஏற்கெனவே இருந்தார்கள். அவர்களை உருவாக்கியதில் இந்தப் பழைய பெட்டிகளுக்கும் பங்கு உண்டு.

குரு மறைந்தார், சிஷ்யன் பிழைத்தான்

இங்கிலாந்தில் கதை தலைகீழாகப் போனது. ஜப்பான் பைக்குகள் வந்து குவிந்தன. எண்ணெய் ஒழுகாத, பட்டனைத் தட்டினால் கிளம்பும் ஹோண்டாவுக்கு முன்னால் பிரிட்டிஷ் கம்பெனிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சாய்ந்தன. 1967-ல் ரெட்டிச் தொழிற்சாலை மூடப்பட்டது. பிராட்ஃபோர்டு-ஆன்-ஏவன் என்ற ஊரில், போர்க்காலத்தில் நிலத்தடியில் அமைத்த இடத்தில் மட்டும் கொஞ்ச நாள் வேலை நடந்தது. 1970-ல் அதுவும் முடிந்தது.

தாய்க் கம்பெனி போய்விட்டது. திருவொற்றியூர் மட்டும் அதே புல்லட்டைச் செய்துகொண்டே இருந்தது.

1977-ல் என்ஃபீல்டு இந்தியா இங்கிலாந்துக்கும் ஐரோப்பாவுக்கும் புல்லட்டை ஏற்றுமதி செய்ய ஆரம்பித்தது! 1956-ல் எங்கிருந்து பெட்டி வந்ததோ, அந்த நாட்டுக்கே 21 வருஷம் கழித்து முழு வண்டி போனது. தங்கள் அப்பா ஓட்டிய வண்டி இன்னும் புதிதாகக் கிடைக்கிறதா என்று வெள்ளைக்காரர்கள் ஆச்சரியத்தோடு வாங்கினார்கள்.

பெட்ரோல் டேங்கில் ஓடும் தங்கக் கோட்டைக் கையாலேயே இழுக்கும் வழக்கமும் தொடர்ந்தது. ஸ்கேல் இல்லை, ஸ்டிக்கர் இல்லை. ஒரு பிரஷ், ஒரே மூச்சு, ஒரே கோடு. திருவொற்றியூரில் அந்தக் கோட்டைப் போட்டுவந்த அண்ணன் தம்பி இருவரைப் படம் பிடிக்க உலகத்தின் பல மூலைகளிலிருந்தும் ஆட்கள் வந்திருக்கிறார்கள்.

சுவருக்கு இன்னொரு பக்கம்

இதோடு நிறுத்தினால் கட்டுரை ஒரு சினிமா மாதிரி சுபமாக முடிந்துவிடும். ஆனால் வரலாறு அப்படி விடுவதில்லை.

இறக்குமதியைத் தடுத்த அதே சுவர், தொழிற்சாலையைத் தூங்கவும் வைத்தது. வெளிநாட்டு பைக் உள்ளே வர முடியாது. உள்ளூரிலும் லைசென்ஸ் இல்லாமல் யாரும் புதுத் தொழிற்சாலை தொடங்க முடியாது. மைசூரில் ஜாவா, வடக்கே ராஜ்தூத், இங்கே புல்லட். வாங்குகிறவருக்கு வேறு வழி கிடையாது. அப்படி இருக்கும்போது வண்டியை மாற்ற யாருக்கு அவசரம்?

அதனால் மாறவில்லை. கியர் வலது காலில், பிரேக் இடது காலில். ஆம்ப் மீட்டர் முள்ளைப் பார்த்து, டீகம்ப்ரஷன் லீவரைப் பிடித்து, சரியான நேரத்தில் உதைக்க வேண்டும். தப்பினால் கிக்கர் திருப்பி அடிக்கும். வண்டி நின்ற இடத்தில் எண்ணெய்ச் சொட்டு இருக்கும். "எண்ணெய் ஒழுகலைன்னா உள்ளே எண்ணெய் இல்லைன்னு அர்த்தம்" என்று மெக்கானிக்குகள் கிண்டல் செய்வார்கள். புல்லட் ரசிகர்கள் இதையெல்லாம் பெருமையாகவே சொல்வார்கள். ஆனால் தினமும் ஆபீஸ் போகிறவருக்கு இது பெருமையா?

1980-களில் சுவரில் கொஞ்சம் ஓட்டை விழுந்தது. ஜப்பான் கம்பெனிகள் கூட்டு வைத்து உள்ளே வந்தன. ஓசூரில் டி.வி.எஸ்.ஸோடு சுசூகி, ஹீரோவோடு ஹோண்டா, எஸ்கார்ட்ஸோடு யமஹா, பஜாஜோடு கவாசாகி. 100 சிசி வண்டி, குறைந்த விலை, நிறைய மைலேஜ். புல்லட் வாங்கும் கூட்டம் சுருங்கியது. என்ஃபீல்டு இந்தியாவும் சும்மா இருக்கவில்லை. ஜெர்மனியின் சுண்டாப் தொழில்நுட்பத்தில் ராணிப்பேட்டையில் சில்வர் பிளஸ், எக்ஸ்ப்ளோரர் என்று குட்டி வண்டிகளைச் செய்து பார்த்தது. நிலைக்கவில்லை. 1993-ல் டாரஸ் என்று டீசலில் ஓடும் புல்லட்டைக்கூட விட்டது. டீசல் பைக்! விவசாயிகளும் பால்காரர்களும் விரும்பினார்கள், ஆனால் அது மட்டும் போதவில்லை. 1990-ல் கைகோத்த ஐஷர் குழுமம், 1994-ல் கம்பெனியைத் தன் வசம் எடுத்துக்கொண்டு "ராயல் என்ஃபீல்டு" என்ற பழைய பெயரைத் திரும்பக் கொண்டுவந்தது.

2000-ல் நிலைமை எப்படி இருந்தது? மாதம் 6,000 வண்டி செய்யக் கூடிய கம்பெனி சுமார் 2,000 வண்டிதான் செய்துகொண்டிருந்தது. மூடிவிடலாமா, விற்றுவிடலாமா என்று ஐஷர் நிர்வாகம் யோசித்தது. முதலாளி வீட்டுப் பிள்ளையான சித்தார்த்தா லால், அப்போது வயது 26, கொஞ்சம் அவகாசம் கேட்டு வாங்கினார்.

அந்த நேரத்தில் மூடியிருந்தால் போயிருப்பது வெறும் ஒரு பிராண்டா? 1956-லிருந்து கைமாற்றிக் கைமாற்றி வந்த வேலையும் அதோடு போயிருக்கும். ரெட்டிச்சில் போனது போல.

போகவில்லை. பழைய வார்ப்பிரும்பு இஞ்சினை விட்டுவிட்டு அலுமினிய இஞ்சினைக் கொண்டுவந்தார்கள். கியர் இடது பக்கம் வந்தது, செல்ஃப் ஸ்டார்ட் வந்தது, எண்ணெய் ஒழுகல் நின்றது. 2009 கடைசியில் கிளாசிக் வந்தது. 2010-ல் 50,000 வண்டியைச் சற்றே தாண்டியிருந்த விற்பனை 2014-ல் 3 லட்சத்தைத் தொட்டது. திருவொற்றியூர் இடம் போதாமல் 2013-ல் ஒரகடத்திலும், பிறகு வல்லம் வடகாலிலும் புதுத் தொழிற்சாலைகள் வந்தன. பெரும் உற்பத்தி வட சென்னையை விட்டுத் தெற்கே நகர்ந்தது. இது திருவொற்றியூர்க்காரர்களுக்கு ஒரு வருத்தமே.

கூட்டிக் கழித்துப் பார்த்தால், சுவர் இருந்ததால் வேலை கற்றார்கள், சுவர் இருந்ததால் மறதியும் வந்தது. இரண்டும் ஒரே கம்பெனியில், ஒரே கட்டிடத்தில் நடந்திருக்கிறது. இறக்குமதி வரி நல்லதா கெட்டதா என்று பட்டிமன்றம் வைக்கிறவர்கள் இந்த இரண்டில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு பேசுவார்கள்.

மாம்பழத்துக்கு ஹார்லி

சுவர் இன்றும் இருக்கிறது, உயரம் மட்டும் மாறுகிறது. 2007-ல் நடந்தது வேடிக்கையான ஒன்று. அமெரிக்காவின் ஹார்லி டேவிட்சன் பைக்குகள் இந்தியாவுக்குள் வர வழிவிடப்பட்டது. அதே சமயத்தில் இந்திய மாம்பழம் அமெரிக்காவுக்குள் போக அனுமதி கிடைத்தது. பைக்குக்கு மாம்பழம்! பிறகு ஹார்லியும் பழைய வழிக்கே வந்து, 2011-லிருந்து ஹரியானாவின் பாவலில் பெட்டியைப் பிரித்துப் பூட்டியது. 2020-ல் அந்தக் கடையை மூடிவிட்டது. பூட்டுவதோடு நின்றவர்கள் எளிதாகக் கிளம்ப முடியும். 1953-ல் பார்த்த காட்சிதான்.

இப்போது பெட்டி எதிர்ப்பக்கம் போகிறது. ராயல் என்ஃபீல்டு தன் வண்டிகளைப் பிரித்துப் பெட்டியில் அடைத்து வெளிநாடுகளுக்கு அனுப்பி அங்கே பூட்டுகிறது. 2020-ல் அர்ஜென்டினா, பிறகு கொலம்பியா, தாய்லாந்து, 2022 டிசம்பரில் பிரேசிலின் மனாவுஸ். பல நாடுகளும் அன்றைய இந்தியா மாதிரியே முழு வண்டிக்கு அதிக வரி, பிரித்த வண்டிக்குக் குறைந்த வரி என்று வைத்திருக்கின்றன. அமேசான் காட்டு நடுவில் இருக்கும் மனாவுஸில் இன்று ஒரு தொழிலாளி சென்னையிலிருந்து வந்த பெட்டியைத் திறக்கிறார். 1956-ல் திருவொற்றியூரில் ஒருவர் ரெட்டிச் பெட்டியைத் திறந்த மாதிரி. அவரும் பூட்டுவதோடு நிற்பாரா, இல்லை ஒருநாள் அந்தப் பாகங்களைத் தானே செய்வாரா என்பதைப் பொறுத்துத்தான் அந்த ஊரின் கதை இருக்கும்.

நம் ஊரிலும் அதே கேள்வி முடிந்துவிடவில்லை. செல்போன், மின்சார கார், பேட்டரி எல்லாம் இன்று பெட்டியில் வந்து ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் பூட்டப்படுகின்றன. எத்தனை ஆயிரம் பேருக்கு வேலை என்று விளம்பரம் வருகிறது. அதைப் படிக்கும்போது கூடவே கேட்க வேண்டியது, வருஷத்துக்கு வருஷம் பெட்டி இளைக்கிறதா என்பதைத்தான். 163 வண்டியோடு ஆரம்பித்த தொழிற்சாலை ஆறே வருஷத்தில் எல்லாப் பாகத்தையும் உள்ளூரில் செய்துகாட்டிய ஊர் இது. கேட்கும் உரிமை நமக்கு இருக்கிறது.

கடைசியாக, ஆரம்பித்த பனிக்கே வருவோம். 2021 டிசம்பரில் இரண்டு ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் பைக்குகள் தென் துருவத்தை நோக்கி அண்டார்டிகா பனியில் ஓட்டிச் செல்லப்பட்டன. டயரில் இரும்பு முள் பதித்து, முன் ஸ்பிராக்கெட்டின் பற்களைக் குறைத்து, குளிருக்கு ஏற்ற மாதிரி சில மாற்றங்கள் செய்திருந்தார்கள். மற்றபடி சென்னைப் பக்கம் செய்த வண்டிதான். பனி ஸ்கூட்டரை இறக்குமதி செய்ய அட்டவணையில் எண் தயாராக இருக்கிறது என்று பார்த்தோம். பனியில் ஓட இங்கிருந்தே இரண்டு வண்டி போய்விட்டு வந்துவிட்டது.